நெல் கிடங்கில் கேட்கப்போகும் இசை

(ஆடுதுறையில், பழைய நெல் கிடங்கில் இயங்கும் சிறு கலை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெயில் இன்னும் தணியாத நேரத்தில், மின்விசிறி போதாத இந்தக் கிடங்குக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "சோதனை இசைன்னு போட்டிருக்கீங்களே, அது கச்சேரியா, நாடகமா? பாட்டு உண்டா, இல்லையா?" கேட்டவர்களில் பலர் இங்கேயே இருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைய கூட்டம். ஆனியில் தொடங்கி ஐப்பசி வரை இங்கே என்ன நடக்கப்போகிறது என்று சொல்கிறேன். அதைச் சென்னையில் வைக்காமல் ஏன் ஆடுதுறையில் வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதனை செய்து பார்ப்பது நம் ஊருக்குப் பழக்கமான வேலை. 1922 முதல் இங்கே நெல் ஆராய்ச்சி நடக்கிறது. இங்கிருந்து போன ஏடிடி 27 என்ற நெல் ரகம், 1960களில் தஞ்சாவூர் ஜில்லாவின் குறுவையையே மாற்றியது. ஏடிடி 36, ஏடிடி 43 விதைக்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. சோதனை வயலில் நட்ட எல்லா ரகமும் விவசாயி கைக்கு வந்து சேராது. தேறாதது அங்கேயே நின்றுவிடும். அதற்காக யாரும் ஆராய்ச்சிப் பண்ணையைக் குறை சொன்னதில்லை. இந்த அரங்கையும் அப்படி ஒரு சோதனை வயலாக எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் நிகழ்ச்சிகளில் சில உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒன்றிரண்டு நிஜமாகவே சரியாக வராமலும் போகலாம். அதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

இப்போது ஒலியைப் பற்றிப் பேசுவோம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல காலம் காய்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். பக்கத்தில் திருவாவடுதுறை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அவர் காலத்துக்கு முன் நாகசுரம் என்றால் பெரும்பாலும் திமிரி. குட்டையானது, சுருதி அதிகம். தனக்கு வேண்டிய நாதம் அதில் கிடைக்கவில்லை என்று அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் போனார். இரண்டு பேரும் சேர்ந்து நீளத்தைக் கூட்டி, சுருதியை இறக்கி, துளைகளின் இடத்தை மாற்றிப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் இன்று எல்லோரும் வாசிக்கிற பாரி நாகசுரம். ஒரு வாத்தியக்காரரும் ஒரு தச்சரும் ஒரு பட்டறையில் செய்த சோதனை அது. இன்று அதை நாம் மரபு என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அன்று அந்தப் பெட்டியை யாராவது நம்முடைய வாத்தியம் என்று சொல்லியிருப்பார்களா? இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வாசிப்பவர்களைப் பற்றி அல்ல. கேட்பவர்களைப் பற்றி, அதாவது உங்களைப் பற்றி.

சபா, டிக்கெட், வரிசை நாற்காலி எல்லாம் வருவதற்கு முன்னால் டெல்டாவில் இசை எப்படிக் கேட்கப்பட்டது? தெருவில், நின்றுகொண்டு, ராத்திரியில். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கும். கம்பீர நாட்டை ராகம், சாகித்தியம் கிடையாது, வார்த்தையே இல்லாத இசை. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி. எந்த இடம், என்ன காரியம் என்பதைப் பார்த்து ஒலி அமைந்தது. கீழ வீதியில் கேட்டவர் அதையே தெற்கு வீதி திரும்பும்போது வேறு மாதிரிக் கேட்பார். மதில் சுவரில் பட்டு வரும் தவில் ஒரு தினுசு, குளத்தங்கரையில் கேட்கும் தவில் இன்னொரு தினுசு. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்தாலும் ஜனங்கள் நின்று கேட்டார்கள். யாரும் கையில் விளக்கக் குறிப்பு கொடுக்கவில்லை. "புரிகிறதா" என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

வார்த்தை இல்லாத ஒலியை, நடந்துகொண்டே, தூரத்தையும் திசையையும் சேர்த்துக் கேட்கும் காது இந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரையாக வந்தது. பெரிய நகரங்களில் சோதனை இசைக்காரர்கள் தேடி அலைவது அந்தக் காதைத்தான். அதனால்தான் இங்கே வைக்கிறோம்.

ஒரு வெளிநாட்டு உதாரணம் சொல்கிறேன். 1952 ஆகஸ்ட் 29. அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற சின்ன ஊர். காட்டுப் பக்கம் திறந்த ஒரு மரக் கொட்டகை. டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர் மேடையில் வந்து உட்கார்ந்தார். 4 நிமிடம் 33 விநாடி ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. பகுதிக்குப் பகுதி பியானோவின் மூடியை மூடித் திறந்தார், அவ்வளவுதான். அதை அமைத்தவர் ஜான் கேஜ். முதல் பகுதியில் வெளியே காற்று வீசியதும், இரண்டாவதில் கூரையில் மழைத்துளி விழுந்ததும், மூன்றாவதில் ஜனங்கள் முணுமுணுத்து எழுந்து போனதும் கேட்டது என்று அவர் பிறகு சொன்னார். பலருக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான் என்று நினைக்கிறேன். கேட்க வந்தவனுக்கு என்ன கேட்பது என்று சொல்லாமல் விட்டால் முதலில் கோபம்தான் வரும்.

அந்த ஜான் கேஜுக்கு 1946-ல் நியூயார்க்கில் இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர் அகமதாபாத்திலிருந்து போன கீதா சாராபாய். பதிலுக்கு கீதா கேஜிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதியாக்கித் தெய்விகத்துக்கு இடம் கொடுக்கத்தான் என்று தன் குரு சொன்னதை கீதா எடுத்துச் சொன்னார். கேஜ் அதை வாழ்நாள் முழுக்க மேற்கோள் காட்டினார். 1969-ல் அதே டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னணு இசைக்கூடம் அமைக்க உதவினார். அதனால் இது முழுக்க வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று யாராவது சொன்னால், இந்தப் போக்குவரத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

முதல் மாலை, மைக்செட். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கூ" என்று ஊளையிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றி ஏறுவதால் அந்தச் சத்தம். 1968-ல் ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் மைக்குகளை ஒயரில் தொங்கவிட்டு, கீழே ஸ்பீக்கர்களை வைத்து, ஊஞ்சல்போல ஆடவிட்டார். மைக் ஸ்பீக்கரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கூவல். ஆட்டம் குறையக் குறையக் கூவல்கள் நீண்டு, கடைசியில் ஒரே ஒலியாகி நிற்கும். இதைச் செய்யப்போவது வெளியூர் மேதை யாரும் இல்லை, நம் ஊர் மைக்செட் தம்பிகள்தான். கல்யாணத்திலும் காது குத்திலும் இந்தக் கூவலை வராமல் தடுப்பது அவர்கள் தொழில். எந்த மூலையில் வைத்தால் கூவும், எவ்வளவு திருப்பினால் அடங்கும் என்று கை அறிந்தவர்கள். அந்த அறிவைத் திருப்பிப்போட்டு, கூவலை வேண்டுமென்றே வரவழைத்து வாசிக்கப்போகிறார்கள். ஒத்திகையில் கேட்டேன். புனல் ஸ்பீக்கரில் வரும் அந்தக் கூவலுக்குள் இரண்டு மூன்று சுரம் தனித்தனியாக நிற்கிறது. மயிர் கூச்செறிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சிதான் என் மனசுக்கு மிக நெருக்கமானது. ஆல்வின் லூசியர் என்பவர் 1969-ல் ஓர் அறையில் உட்கார்ந்து கொஞ்சம் பேசினார். அவருக்குத் திக்குவாய். பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதே அறையில் ஓடவிட்டு, ஓடுவதை மறுபடி பதிவு செய்தார். அதை ஓடவிட்டு மறுபடியும் பதிவு. ஒவ்வொரு அறைக்கும் சில சுருதிகள் பிடிக்கும். அதன் நீள அகலத்துக்கு ஏற்ற சுருதிகளை அது தூக்கிக் கொடுக்கும், மற்றதை விழுங்கிவிடும். திரும்பத் திரும்பச் செய்தபோது வார்த்தைகள் கரைந்து, திக்கலும் கரைந்து, அறையின் சுருதி மட்டும் மிஞ்சியது.

நாம் அதை இந்தக் கிடங்கில் செய்யப்போகிறோம். குரல், களத்து மேட்டில் மரக்கால் பிடித்து நெல் அளந்த ஒரு பெரியவருடையது. "லாபம், ரெண்டு, மூணு" என்று அவர் அளவு சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கும் அந்தக் கணக்கு, நெல் மூட்டை அடுக்கியிருந்த இதே நான்கு சுவருக்குள் ஒலித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் ஒலியாக மாறும். இளைஞர்களுக்குச் சொல்கிறேன், முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். பாதியில் போனால் வெறும் எதிரொலிதான் கேட்டிருப்பீர்கள்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்த பிறகு ஒரு நடை நிகழ்ச்சி. தண்ணீர் எந்த நாள் வருமோ அதைப் பார்த்துத்தான் தேதி. சாயங்காலம் கிளம்பி வாய்க்கால் கரையோடு நடப்போம். மதகில், பம்ப்செட் கொட்டகையில், மூங்கில் பாலத்தில் பீசோ தகடு ஒட்டியிருப்போம். எலக்ட்ரானிக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வட்டத் தகடுதான். அது காற்றில் வரும் சத்தத்தை எடுப்பதில்லை. ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வையே மின்சாரமாக்கித் தருகிறது. அதனால் மதகுப் பலகைக்குள் தண்ணீர் இடிப்பதை ஹெட்ஃபோனில் கேட்கலாம். பாம்பு, பூச்சி உண்டு. டார்ச் எடுத்து வாருங்கள்.

நாடகங்களும் இரண்டு இருக்கின்றன. மாயவரம் பக்கம் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கி நவீன நாடகத்தைக் கூத்தோடு இணைத்தார். அவர் ஊர்ப் பக்கத்தில் அந்த வகை நாடகத்துக்கு ஒரு மேடை இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். விவரம் நோட்டீஸில் உள்ளது.

இனி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் தவிலும் பறையும் நாகசுரமும் ஒரே மேடையில், ஒரே உயரத்தில், ஒரே சம்பளத்தில் வாசிக்கப்போகின்றன. ராகம், பாட்டு எதுவும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டு அங்கேயே வாசிப்பார்கள். இந்த மண்ணில் எந்தத் தோல் கருவி கோயிலுக்குள் போகலாம், எது சாவு வீட்டோடு நிற்க வேண்டும் என்று யார் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மின்சாரக் கருவி, கணினி எல்லாவற்றையும்விட இந்தப் பக்கத்தில் கடினமான சோதனை இதுதான். ஒத்துக்கொண்ட கலைஞர்களுக்கு என் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தப்பாட்டக் கலைஞர்கள் கிராமிய விழா மேடைகளில் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே அவர்களுக்கு முழு ராத்திரி உண்டு.

வெளியூரிலிருந்து வரும் கலைஞர்களுக்கும் இதே நிபந்தனைதான். உள்ளூர்க் கலைஞரின் ஒலியைப் பதிவு செய்துகொண்டு போய், தன் பெயரில் ஆல்பம் போடுவது இங்கே நடக்காது. சேர்ந்து செய்தால் இரண்டு பெயர், சம பங்கு. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மைக் போடுவோம்.

அப்புறம், நடைமுறை. அனுமதி இலவசம். வாசலில் உண்டியல் இருக்கும். முடிந்ததைப் போடுங்கள், அது முழுக்கக் கலைஞர்களுக்கு. ஆறரைக்குத் தொடங்கினால் கும்பகோணம் பஸ்ஸைப் பிடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவோம், புரட்டாசி ராத்திரி தவிர. குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிவாருங்கள். அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஆனால் அடுத்த நாள் டீக்கடையில் என்ன பிடிக்கவில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அது எங்களுக்கு வேண்டும்.

ஐப்பசி நிகழ்ச்சிக்காக உங்களிடம் ஓர் உதவி. சுருதிப் பெட்டி வருவதற்கு முன் நாகசுரத்துக்குப் பக்கத்தில், சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதுபவர் ஒருவர் இருப்பார். மூச்சு அறுபடாமல், மணிக்கணக்கில், ஒரே சுரம். அந்த ஒரே சுரத்தை மட்டும் வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்பது திட்டம். ஊதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள், ஆனால் நல்ல நிலையில் ஒரு ஒத்துதான் கிடைத்திருக்கிறது. மேளக்காரர் குடும்பத்தில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஒத்து கிடந்தால், வெடிப்பு விட்டிருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். நரசிங்கம்பேட்டையில் கொடுத்துச் சரிசெய்து, நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரமாக உங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.