ஒரு லட்சம் ரூபாயும் ஐந்து கிலோ தானியமும்: 2024 வாக்குறுதிகளின் கணக்கு

[திரையில்: இரண்டு தேர்தல் அறிக்கைகளின் அட்டைகள்]

2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஏப்ரல் 5 அன்று காங்கிரசும் ஏப்ரல் 14 அன்று பாஜகவும் தத்தம் தேர்தல் அறிக்கைகளை வெளியிட்டன. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: எத்தனை பேருக்கு, தலைக்கு எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும்?

காங்கிரசின் ‘மகாலட்சுமி’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மிக ஏழ்மையான ஒவ்வொரு குடும்பத்துக்கும், அக்குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். தலைக்கு எவ்வளவு என்பது தெளிவாக இருக்கிறது; எத்தனை குடும்பங்கள் என்பது அறிக்கையில் இல்லை, படிப்படியாக நடைமுறைப்படுத்துவோம் என்று மட்டுமே இருக்கிறது. 

[திரையில்: கரும்பலகையில் எளிய பெருக்கல்]

ஒரு கோடிக் குடும்பங்கள் என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய்; ஐந்து கோடிக் குடும்பங்கள் என்றால் 5 லட்சம் கோடி. அந்த ஆண்டு பிப்ரவரியில் தாக்கலான இடைக்கால நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு 47.66 லட்சம் கோடி; அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. ஆகவே பயனாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

பாஜகவின் அறிக்கை வேறு வகையானது. ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களை நீட்டிப்பதே அதன் மையம். சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசமாக வழங்கும் திட்டம் 2024 ஜனவரி முதலே ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது, அதற்கு 11.8 லட்சம் கோடி ரூபாய் ஆகும் என்று அரசே மதிப்பிட்டிருந்ததால், இங்கே செலவு தெரிந்த ஒன்று. ஆனால் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் வரம்பு 20 லட்சம் ஆகிய அறிவிப்புகளைக் கேட்கும்போது, காப்பீடு கைக்கு வரும் பணம் அல்ல என்பதையும், கடன் திருப்பிக் கட்ட வேண்டியது என்பதையும் மனத்தில் வைத்தே அந்தத் தொகைகளைப் படிக்க வேண்டும்.

வேளாண்மையில்தான் இருவரும் நேரெதிராக நின்றார்கள். விளைபொருள்களுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்றது காங்கிரஸ். அவ்வப்போது உயர்த்துவோம் என்றது பாஜக. உழவர் சங்கங்களின் சண்டையோ எதைச் செலவாகக் கணக்கிடுவது என்பதில் இருக்கிறது. விதை, உரம், கூலி, குடும்பத்தாரின் உழைப்பு ஆகியவற்றைக் கூட்டி அதன் மேல் 50 விழுக்காடு சேர்ப்பது அரசின் முறை. சங்கங்கள் கேட்பதுபோலச் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் முதலீட்டின் வட்டியையும் சேர்த்தால் அடிப்படைச் செலவே கூடிவிடும். எந்தச் செலவு என்று சொல்லாத வாக்குறுதி, விலையைச் சொல்லாத வாக்குறுதிதான்.

தமிழ்நாட்டில் 2006இல் அறிவிக்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சி தொடர்பான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, நிதி எப்படித் திரட்டப்படும் என்பதை அறிக்கைகள் பொதுவாகவேனும் சுட்ட வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் வகுத்தது. அதைக் கட்சிகள் மனப்பூர்வமாகப் பின்பற்றியிருந்தால் மேலே நாம் போட்ட கணக்குக்கே தேவை இருந்திருக்காது.

இன்னொன்று: காங்கிரசும் பாஜகவும் இடம்பெற்ற இரு கூட்டணிகளுமே பொதுவான தேர்தல் அறிக்கை வெளியிடவில்லை. பெட்ரோல் 75 ரூபாய், எரிவாயு உருளை 500 ரூபாய் என்பவை காங்கிரசின் கூட்டணிக் கட்சியான திமுகவின் வாக்குறுதிகள். அவற்றுக்குக் காங்கிரஸ் பொறுப்பேற்கவில்லை.

[திரையில்: 2024 ஜூலை 23, நாடாளுமன்றம்]

பாஜக 240 இடங்களோடு, கூட்டணியின் துணையால் ஆட்சி அமைத்தது. ஜூலை நிதிநிலை அறிக்கையில் முத்ரா வரம்பு உயர்ந்தது. அத்துடன் புத்தொழில் நிறுவனங்கள் திரட்டும் முதலீட்டில் சந்தை மதிப்பை மீறிய தொகைக்கு விதிக்கப்பட்டு அவற்றை வாட்டிய ஏஞ்சல் வரியும் நீக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன. பின்னிரண்டும் காங்கிரஸ் அறிக்கையில் இருந்தவற்றின் சாயல் கொண்டவை. ஆனால் பட்டதாரி, பட்டயதாரி இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயுடன் தொழிற்பயிற்சி என்பதைக் காங்கிரஸ் சட்டப்படியான உரிமையாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. அரசு தந்தது ஒரு திட்டம். உரிமை மறுக்கப்பட்டால் இளைஞர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். திட்டத்தில் இடம் கிடைக்காதவர் அடுத்த விண்ணப்பத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.