கண் மேலே, தலை பக்கத்தில்

நேயர்களுக்கு வணக்கம். சிறுவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம், சொல்லிக்கொடுப்பது பற்றித் தமிழில் பேச வருகிறீர்களா என்று நிலையத்தார் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டேன். டல்லாஸ் பக்கத்தில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் ஜூலை கடைசி வந்தால் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. பையன் சேர வேண்டும் என்பான். அப்பா யோசிப்பார். அம்மா கூடவே கூடாது என்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி டி.வி.யைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது விளையாட்டா, அடிதடியா?" என்று கேட்பார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் மைதானத்துக்குப் போனேன். உதவிக்கு ஆள் குறைவு என்று என்னையும் பிடித்துப் போட்டார்கள். ஏழு வருடம் ஆகிறது. மகன் இப்போது உயர்நிலைப் பள்ளி அணியில் இருக்கிறான். நான் இன்னும் ஒன்பது, பத்து வயதுப் பையன்களோடுதான் இருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பாதுகாப்பு ஒரு பாடம், ஆட்டம் வேறொரு பாடம் என்று இரண்டு கிடையாது. ஒழுங்காக டேக்கிள் செய்யத் தெரிந்தவன் எதிராளியையும் கீழே கொண்டுவருகிறான், தன் கழுத்தையும் காப்பாற்றிக்கொள்கிறான். இரண்டும் அந்த ஒரே அசைவில் நடக்கின்றன.

டேக்கிள் என்றால் பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே இறக்குவது. பார்க்கிறவர்களுக்கு முட்டி மோதுவதுபோல் தெரியும். ஹெல்மெட் கெட்டியான பிறகு ஆடுகிறவர்களும் அதைத்தான் செய்தார்கள். தலையைக் குனிந்து, உச்சந்தலையை முன்னால் நீட்டி, ஈட்டி மாதிரி பாய்வது. அதற்குப் பெயரே ஈட்டிப் பாய்ச்சல், ஸ்பியரிங். 1968இல் மட்டும் இந்த ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு 36 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் டோர்க் என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். கழுத்து முறிந்து வந்தவர்களின் விவரங்களைச் சேர்த்து, ஆட்டத்தின் படச்சுருள்களையும் போட்டுப் பார்த்தார். அவர் கண்டது இதுதான். நாம் நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்பில் இயல்பாக ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவு வில் மாதிரி கொஞ்சம் கொடுத்து வாங்கும். தலையை ஏறக்குறைய 30 டிகிரி குனிந்துவிட்டால் வளைவு போய்விடும், கழுத்து நேரான தூண் ஆகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலை எதிலாவது மோதினால் தலை நின்றுவிடுகிறது, பின்னால் உடம்பு வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிய தூண் நொறுங்குகிறது. ஹெல்மெட் ஒன்றும் செய்ய முடியாது.

1976இல் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டுவதற்குத் தடை வந்தது. அந்த வருடம் கழுத்து முறிந்து கை கால் விளங்காமல் போனவர்கள் 34 பேர். 1984இல் 5 பேர். ஹெல்மெட்டுக்கான தர விதிகளும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தன, அதன் பங்கும் உண்டு. ஆனால் கழுத்து விஷயத்தில் மாற்றியது சொல்லிக்கொடுத்த விதம். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பெற்றோரைப் புல்லில் உட்காரவைத்து இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்கிறேன்.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முதல் வாரம் ஓட்டமே கிடையாது. பையன்கள் ஒருவருக்கொருவர் எதிரே முழங்காலில் நிற்பார்கள். முதுகு நேராக, நெஞ்சு நிமிர்ந்து, கண் மேலே. எதிராளியின் கிட்டே இருக்கிற இடுப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தோள் அவன் தொடைக்கு மேல் பதிய வேண்டும். தலை அவனுக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகவே கூடாது. கை இரண்டும் சுற்றி வளைத்து, சட்டைத் துணியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதை மெதுவாக, பாட்டுச் சொல்லித்தருவது மாதிரி, இருபது முப்பது தடவை. அப்புறம் எழுந்து நின்று நடந்தபடி. அதில் கால் சேரும். எந்தத் தோள் படுகிறதோ அதே பக்கத்துக் கால் எதிராளியின் பக்கத்தில் ஊன்ற வேண்டும். தூரத்திலிருந்து எட்டிப் பாய்கிறவன் தலைதான் முதலில் போய்ச் சேரும். காலைக் கொண்டுபோய் வைத்தவனுக்குத் தோள் தானாக வந்துவிடும்.

ரக்பிக்காரர்கள் ஹெல்மெட் இல்லாமலே இப்படித்தான் பிடிக்கிறார்கள். 2014இல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் அந்தத் தோள் டேக்கிளை விளக்கி ஒரு வீடியோ வெளியிட்டார். அது வந்த பிறகு எங்களைப் போன்ற சின்ன அணிகளில்கூடப் பேச்சு மாறியது. எனக்கு அதைப் பார்த்தபோது ஊர்க் கபடிதான் ஞாபகம் வந்தது. பாடி வருகிறவன் கண்ணால் ஒரு பக்கம் காட்டுவான், கையால் இன்னொரு பக்கம் காட்டுவான். இடுப்பைப் பாருடா என்பார் எங்கள் அண்ணன். பிடிக்கும்போது தலையை உள்ளே விட்டவன் முழங்கால் பட்டு மூக்கு உடைந்து வீட்டுக்குப் போவான். எங்களுக்கு ஹெல்மெட் இல்லாததால் அந்தப் பாடம் சீக்கிரம் ஏறியது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல உடல்வாகு, பயிற்சிக்கு ஒரு நாள் தவறமாட்டான். ஆனால் மோதும் கணத்தில் அவன் தலை மட்டும் கீழே போய்விடும். நானும் "கண் மேலே, கண் மேலே" என்று கத்திப் பார்த்தேன். மாறவில்லை. ஒருநாள் அவனுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டின் முகக் கம்பிக்குள் அவன் முகத்தையே பார்த்தேன். டேக்கிள் பழகுகிற டம்மிப் பை கையளவு தூரத்தில் இருக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். கண்ணை மூடினால் தாடை போய் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. பயம் அது, பிடிவாதம் இல்லை. அதற்குப் பிறகு பைக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்ட ஆரம்பித்தேன். தோள் படும்போது எத்தனை விரல் என்று அவன் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாமே தப்பு. நான்காவது பயிற்சியில் "மூணு!" என்று கத்திக்கொண்டே பையைச் சாய்த்தான். எழுந்தபோது அவன் முகம் இருந்ததே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். இப்போது எல்லாப் பையன்களுக்கும் இந்த விரல் பயிற்சி உண்டு.

பந்தைப் பிடித்து ஓடுகிறவனுக்கும் இதே பாடம்தான். பந்தின் முனையை விரல்கள் மூட, முன்கையும் விலாவும் சேர்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும். மோதல் வருகிறது என்றால் தலையைக் கவிழ்க்காமல் தோளைக் கொடுக்க வேண்டும். கீழே விழும்போது கையை ஊன்றாமல் உருண்டு விழ வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு நேரம் மோதுவது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. நான் உதவிக்குச் சேர்ந்த முதல் அணியில் வாரம் மூன்று நாளும் மோதல்தான். இரண்டு பையன்களைக் குறுகலான இடத்தில் எதிரெதிரே படுக்கவைத்து, விசில் ஊதி, எழுந்து முட்டச் சொல்வார்கள். சுற்றி நிற்கிற அப்பாக்கள் கை தட்டுவார்கள். ஆண்மை வருமாம். எட்டு வயதுப் பையனுக்கு! ஓக்லஹோமா டிரில் என்று பேர்பெற்ற பழைய பயிற்சியின் வாரிசு அது. அந்த டிரில்லைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 2019இல் தன் அணிகளுக்கே தடை செய்துவிட்டது. சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆட்களுக்கு வேண்டாம் என்றானது பிள்ளைகளுக்கு எதற்கு?

சிறுவர் ஆட்டத்தில் பழைய அமைப்பான பாப் வார்னர் 2012இல் மோதல் பயிற்சியை மொத்தப் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. மூன்று கஜத்துக்கு மேல் இடைவெளி விட்டு முழு வேகத்தில் நேருக்கு நேர் ஓடவிடும் பயிற்சிகளையும் நிறுத்தியது. 2016இல் அந்தப் பங்கு 25 சதவீதமானது. சின்ன வயதுப் பிரிவுகளில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃபையே எடுத்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் நீளமாக ஓடிவந்து மோதுவது அங்கேதான். 2019இல் அதே பிரிவுகளில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனியும் நிலையும் போனது. குனிந்தே தொடங்குகிறவன் எழும்போது தலையோடுதானே வருவான்.

இப்படிக் குறைத்தால் ஆட்டம் மொட்டையாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது டார்ட்மத் கல்லூரியை. அங்கே பட்டி டீவன்ஸ் என்ற பயிற்சியாளர் 2010இல் தம் வீரர்கள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். பைகள், வளையங்கள், கடைசியில் மாணவர்கள் உருவாக்கிய ஓடும் ரோபோ டம்மி என்று பழக்கினார். 2015இல் அந்த அணி, தான் ஆடும் கல்லூரிப் போட்டியான ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. எங்கள் அணியில் இப்போது வாரத்துக்கு 20 நிமிடம்தான் முழு மோதல். கடிகாரத்தைப் பையன்களின் அம்மா ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. அது மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. விலை கூடினது வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும். முகக் கம்பியைப் பிடித்து லேசாகத் திருப்பினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். தனியாகச் சுற்றினால் அது அவனுக்குப் பெரிது. முடி வெட்டிய மறுநாள் இன்னொரு தடவை பாருங்கள்.

கன்கஷன், அதாவது மூளை அதிர்ந்துபோவது. இதைப் பற்றிப் பேசும்போது சாக்கரி லிஸ்டெட் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயது. ஆட்டத்தில் விழுந்து தலை தரையில் அடித்தது. கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு மறுபாதியில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளையில் ரத்தக்கசிவு. வாய் திறந்து முதல் வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆனது. பெற்றோர் போராடியதில் 2009இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவத் துறையினர் எழுதிக்கொடுத்தால்தான் திரும்ப வரலாம். 2014க்குள் 50 மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டங்கள் வந்துவிட்டன.

சட்டம் இருந்தும் பையன்கள் மறைப்பார்கள். நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாக மறைப்பார்கள், அம்மா நிறுத்திவிடுவார் என்று. போன வருடம் ஒரு பையன் விழுந்து எழுந்து நடந்தே போனான். எல்லாம் சரி என்று கட்டைவிரலைக் காட்டினான். ஆனால் அவன் போய் நின்றது எதிரணி கூடிப் பேசுகிற வட்டத்தில். எனக்கு முன்னால் அதைப் பார்த்தது அவன் நண்பன். "கோச், அவனுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று ஓடிவந்து சொன்னான். சீசன் முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தோம், இது காட்டிக்கொடுப்பது ஆகாது என்று. அன்று ஆட்டம் முடிந்ததும் அணியின் பந்தைப் பரிசாக அந்த நண்பன் கையில்தான் கொடுத்தோம். அடிபட்டவன் மூன்று வாரம் கழித்து டாக்டர் கடிதத்தோடு வந்தான். முதல் நாள் நடை, அடுத்து ஓட்டம், மோதல் கடைசியில்.

டெக்சஸில் இருந்துகொண்டு வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி மினசோட்டா வைகிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்குதலால் இறந்தார். வயது 27. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது: முதலில் குளிர்வி, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டு, அது வருவதற்குள் பிள்ளையைக் கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். வெப்பம் ஏறிக் குழறுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நாங்கள் வைத்திருப்பது மாட்டுப் பண்ணைக்கு விற்கிற தண்ணீர்த் தொட்டி, நம் ஊர்க் கழுநீர்த்தொட்டி மாதிரி, கொஞ்சம் பெரிது. உடம்பு வெயிலுக்குப் பழக, முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டும். அப்புறம் தோள் பேட். முழு உடுப்பு அதற்கும் பிறகு.

எந்த வயதில் டேக்கிள் ஆடவிடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். அவசரமே இல்லை. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பிடுங்கும் ஃபிளாக் ஃபுட்பாலில் எதிராளியின் இடுப்பைப் பார்ப்பது, காலைக் கொண்டுபோய் வைப்பது, பந்தைப் பிடிப்பது எல்லாம் படியும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலருக்கும் அது உண்டு. என் மகளை அதில்தான் சேர்த்திருக்கிறேன். மகனை ஒன்பது வயதில் டேக்கிளுக்கு அனுப்பினேன். இன்று முடிவெடுப்பதாக இருந்தால் பன்னிரண்டு வரை பொறுத்திருப்பேன், மனைவியிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

அப்படியும் இந்த ஆகஸ்டில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போங்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம் முழு மோதல் என்று கேளுங்கள். தலையில் அடிபட்டால் பிள்ளையை வெளியே எடுப்பது யார், அவர் சொன்னால் தலைமைக் கோச் மறுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் ஐஸ் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேளுங்கள். வாங்கப்போகிறோம் என்று சொன்னால், வாங்கிய பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.