மின் கட்டண விசாரணையில் நமக்காகப் பேச ஓர் ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 ஆகஸ்டில், மின் கட்டண உயர்வு குறித்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் நடந்தன. கோவைக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். அங்கே மைக் முன்னால் வந்து நின்ற ஓர் அம்மாவை இன்றுவரை மறக்க முடியவில்லை. சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்து வைத்த ஈ.பி. கார்டு. "மாடிப்படி லைட்டும் தண்ணி ஏத்துற மோட்டாரும்தானுங்க. அதுக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாயா?" என்று கேட்டார். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டதும், கவரை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுவரை அந்தப் பொது இணைப்புகளுக்கு வீட்டுக் கட்டணம்தான் இருந்தது. ஆனாலும் செப்டம்பரில் வந்த ஆணையில் எட்டு ரூபாய் உறுதியானது. அடுத்த ஆண்டுதான், அரசு தலையிட்ட பிறகு, பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அந்த ஓர் ஆண்டு பில்லை அவர்கள் கட்டித்தான் இருப்பார்கள்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 தெளிவாகவே சொல்கிறது: கட்டண மனுவை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகுதான் ஆணை போட வேண்டும். பேசும் உரிமை நமக்கு உண்டு. சிக்கல் எங்கே என்றால், கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கிட்டத்தட்ட ஒரு நீதிமன்றம் மாதிரி இயங்குகிறது. முன்னால் வைத்த கணக்கைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கும். மின் கொள்முதல் செலவு, கடன் வட்டி, தேய்மானம், பாதையில் போகும் இழப்பு என்று அட்டவணை அட்டவணையாக மனு போட்ட மின்வாரியம் கொண்டுவரும். அவர்களுக்குப் பொறியாளர்கள் உண்டு, தணிக்கையாளர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு. ஆலைகளும் தங்கள் சங்கங்கள் மூலம் வக்கீல் வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் யார் இருக்கிறார்கள்?

கணக்குத் தெரிந்த ஒருவர் நம் பக்கம் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். அங்கே ஒழுங்குமுறை ஆணையம் 1999-இல் தொடங்கியது. அதுவரை மாநில மின்வாரியம் தன் மின் இழப்பைச் சுமார் 18 சதவீதம் என்றே காட்டி வந்தது. பம்புசெட்டுகள் பலவற்றுக்கு மீட்டர் கிடையாது. அதனால் எங்கெங்கோ திருட்டிலும் கசிவிலும் போன மின்சாரமும் 'விவசாயிகள் பயன்படுத்தியது' என்ற கணக்கில் போய்ச் சேர்ந்தது. புனேயைச் சேர்ந்த பிரயாஸ் என்ற அமைப்பு இந்த எண்களை விடாமல் கேள்வி கேட்டது. ஆணையத்தின் விசாரணையில் உண்மையான இழப்பு 30 சதவீதத்தையும் தாண்டியிருப்பது வெளியே வந்தது. இதெல்லாம் வெறும் சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். வாங்கி அனுப்பிய நூறு யூனிட்டில் முப்பதுக்குக் காசு வரவில்லை என்றால், அந்தச் செலவு மீதி எழுபது யூனிட்டின் மேல்தான் ஏறும். மாதக் கடைசியில் எண்ணி எண்ணிப் பில் கட்டும் குடும்பத்தின் தலையில் ஏறும்.

தமிழ்நாட்டிலும் 1990 வாக்கிலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மீட்டர் இல்லாத இணைப்புகள் ஏராளம். நான் இலவச மின்சாரத்துக்கு எதிரானவன் இல்லை, அது உழவருக்குச் சேர வேண்டியது. ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பது மதிப்பீடாகவே இருக்கும்வரை, உழவர் பெயரில் வேறு என்னென்ன எழுதப்படுகிறது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று நிமிடம் பேச மைக் கிடைக்கும் ஒரு வீட்டுக்காரரால் அது முடியாது.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 94, உட்பிரிவு 3: நுகர்வோர் நலனை முன்வைக்க எவரையும் பிரதிநிதியாக ஆணையம் அனுமதிக்கலாம். மகாராஷ்டிர ஆணையம் இதைப் பயன்படுத்தி, பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத்து போன்ற அமைப்புகளுக்கு அதிகாரபூர்வ இடம் கொடுத்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்றே அரசு அலுவலகங்கள் உண்டு. கலிபோர்னியாவில், விசாரணைக்கு உருப்படியாக உதவிய நுகர்வோர் அமைப்புக்கு அதன் செலவையே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

சரி, இங்கே என்ன வேண்டும்? சம்பளம் வாங்கும், கணக்கும் சட்டமும் தெரிந்த, ஆண்டு முழுவதும் வேலை செய்யும் ஒரு நுகர்வோர் பிரதிநிதி அலுவலகம். மனு வந்த பிறகு ஓடி வருபவராக இல்லாமல், கொள்முதல் ஒப்பந்தம் போடும்போதே கேள்வி கேட்பவர். ஆணை தவறு என்றால் 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகக்கூடியவர். கோவையிலிருந்து அந்த அம்மா டெல்லிக்கா போக முடியும்? சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மனுதாரர் தன் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணமும் கடைசியில் நம் பில்லிலிருந்துதான் போகிறது. அதே பில்லிலிருந்து நமக்கும் ஒரு வக்கீல் வைத்துக்கொள்வதில் என்ன தவறு?

2022 ஆணை 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். அதன்பின் புதிய கட்டண மனு வரும். அது வருவதற்குள் இந்த ஏற்பாட்டைச் செய்யச் சொல்லி ஆணையத்தின் செயலாளருக்கு எழுதுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதினாலும் சரி, தனி ஆளாகத் தபால் அட்டையில் எழுதினாலும் சரி. பிரிவு 94, உட்பிரிவு 3 என்று குறிப்பிட்டு, உங்கள் மின் இணைப்பு எண்ணையும் போட்டு அனுப்புங்கள்.

வணக்கம்.