இளங்குடும்பம் தழைப்பது சிற்றூரிலே: பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்களே, தங்கையே, மாட்டுப்பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்தக் கோட்டையூர்த் திடலில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, ஐயாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இளங்குடும்பம் தழைக்க ஏற்ற இடம் பெருநகரமா, சிற்றூரா?" என்பது தலைப்பு. சிற்றூரே என்று பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஊரில் பங்காளியும் கிடையாது, பூர்வீக வீடும் கிடையாது. பிறந்து வளர்ந்தது பெரம்பூர். என் கணவர் பக்கத்துக் காரைக்குடியில் பொறியியல் படித்தவர். அந்த நான்கு வருடப் பழக்கம்தான் எங்களுக்கும் இந்த மண்ணுக்கும் இருந்த ஒரே ஒட்டு. 2021ஆம் வருடம் மூன்று வயது மகளையும் பதினேழு அட்டைப்பெட்டிகளையும் கொண்டுவந்து இங்கே ஓர் ஓட்டு வீட்டில் இறங்கினோம். ஆயிரம் ஜன்னல் வீடெல்லாம் இல்லை. ஒரு திண்ணை, கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இரண்டு அறை, நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம், பின்னால் கிணறு. அவ்வளவுதான். ஆகவே பாட்டன் பூட்டன் பெருமையை நான் பேசப் போவதில்லை. வந்து வாழ்ந்து பார்த்ததைப் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாக ஒரு வாதம் வைத்தார். "செட்டிநாடே வெளியே போய்ச் சம்பாதித்த நாடுதானே? ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறியிருக்காவிட்டால் இந்த வீடுகள் ஏது, பர்மாத் தேக்குத் தூண் ஏது?" என்று கேட்டார். உண்மைதான் அண்ணா. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனார்கள். மூன்று வருடக் கணக்கு என்று போனார்கள். ஆனால் அந்தத் தேக்கை எங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்? வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தச் செம்மண்ணில் இறக்கினார்கள். பிள்ளை பிறந்ததும், காது குத்தியதும், அறுபதாம் கல்யாணச் சாந்தி செய்ததும் இங்கே. ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். ஓட்டில் விழுகிற மழை முற்றத்துக்கு வந்து, முற்றத்திலிருந்து வாய்க்கால் ஏறி ஊரணிக்குப் போகிறமாதிரி வீதிக்கே வாட்டம் பார்த்தார்கள். வெளியே போனதால் இந்த ஊர்கள் கெடவில்லை அண்ணா. திரும்பி வருவது நின்றுபோனதால் கெட்டன. சந்தேகம் இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழைய சாமான் கடைகளில் நிலைக்கதவு சாத்தி வைத்திருக்கிறது, தூண் படுத்துக் கிடக்கிறது, ஒரு குடும்பம் சோறு போட்டுச் சாப்பிட்ட மங்குத் தட்டு அடுக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குடியிருக்காமல் போன வீடு.

சரி, நகரத்துக்கு வருவோம். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது என் மகளுக்கு ஒரு வயது. வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருந்தோம். லாரி எப்போது வரும் என்று தெரியாது. குழந்தையின் பால் பாட்டில் கழுவிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதில் அவள் துணியை நனைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் கழிவறைக்கு எடுத்து வைத்தேன். சம்பளம் இரண்டு பேருக்கும் நல்ல சம்பளம். காசு இருந்தது, தண்ணீர் இல்லை. இங்கே வந்த முதல் ஐப்பசியில் மழை பிடித்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி அண்டாவைத் தூக்கி எங்கள் முற்றத்தில் வைத்து, அதன் வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, "முதல் மழையை விட்டுரணும், ஓடு கழுவட்டும். இது மூணாவது மழை, பிடிச்சுக்கத்தா" என்றார்கள். வேட்டியின் நடுவில் குழி விழுந்து, அதில் தண்ணீர் சுழித்து இறங்குவதை என் மகள் குந்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று இரவு அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தேன்.

நடுவர் அவர்களே, இளங்குடும்பத்துக்கு மிகவும் தட்டுப்பாடாக இருப்பது பணம் என்று எதிரணி சொன்னது. இல்லை. ஆள்தான் தட்டுப்பாடு. குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஒரு கை, பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஒரு கண். வேளச்சேரியில் காப்பகத்திலிருந்து, "குழந்தைக்குச் சூடு ஏறுது, கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும். அவர்கள் மேல் குற்றம் இல்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் என் அலுவலகம் கிண்டியில், அவர் அலுவலகம் சிறுசேரியில். நான் வந்து சேர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் என் வயிற்றில் என்ன ஓடும் என்பதை இங்கே இருக்கிற தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கு உங்கள் முன்னோர்கள் எப்போதோ ஒரு வழி கண்டார்கள். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் கல்யாணம் ஆன மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' என்று ஒரு முறை உண்டு. இந்த ஊருக்கு வந்து அதைக் கேள்விப்பட்டபோது நான் அசந்துபோனேன். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கிற அதே வீட்டுக்கட்டு, அதே கூரை. ஆனால் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனி வரவுசெலவு. கோயில் வரிக்கும் அவர்கள் தனியாக ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. என்ன குழம்பு என்பதை மருமகளே முடிவு செய்யலாம். பிள்ளை அழுதால் வளவில் எட்டுப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். தனியாகவும் இருக்கலாம், தனித்தும் போக வேண்டாம். அடுக்குமாடியில் நமக்குத் தனி அடுப்பு இருக்கிறது, வளவு இல்லை. இந்த ஊரில் எங்களுக்கு உறவே கிடையாது. ஆனாலும் இந்த வீதி எங்களுக்கு வளவாக இருக்கிறது. நாலு மணிக்கு வேன் வந்தால் என் மகள் நேராக ஆச்சி வீட்டு முகப்புக்குப் போவாள். ஆச்சி ஓலை கிழித்துக் கொட்டான் கூடை முடைவார்கள், இவள் ஓலை எடுத்துக் கொடுப்பாள். ஆச்சியின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வங்கிக்குப் போக, கண் மருத்துவரிடம் போக, போனில் பேரன் முகத்தை வரவழைத்துக் காட்ட நாங்கள் இருக்கிறோம். யாருக்கு யார் உதவி என்று இன்றுவரை இரண்டு வீட்டிலும் கணக்குப் பார்த்தது இல்லை.

வருமானம் குறைந்ததா? குறைந்தது, மறைக்கவில்லை. அவருக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒரு முறை விடியற்காலை பல்லவன் ரயில் ஏறினால் மதியம் எழும்பூர். நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன், சென்னையில் வாங்கியதில் பாதிதான் சம்பளம். ஆனால் வாடகை மூன்றில் ஒரு பங்கு, காப்பகக் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் கையில் நிற்பது முன்பைவிடக் குறையவில்லை. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

படிப்பைப் பற்றி எதிரணி அண்ணன் ஒருவர் கேட்டது மனதில் தைத்தது. "இதே கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்களே சென்னைக்குப் போய்விட்டன. புத்தகமே தங்காத ஊரில் பிள்ளையை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அண்ணா, அவர் 1992இல் மறைந்தார். அதன் பிறகு 1994இல்தான் அந்த நூல்கள் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அந்த ஒரு மனிதர் இருந்தவரை அவ்வளவும் இந்த ஊரில்தான் இருந்தது. இதே கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, நம் சிக்ரியை, இந்தப் பொட்டல் காட்டுக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நகரத்தில் எல்லாம் இருக்கிறது, அங்கே போவோம் என்று அவரும் நினைத்திருந்தால்? ஓர் ஊரில் என்ன இருக்கும் என்பதை, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதானே தீர்மானிக்கிறது!

என் மகள் படித்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். போன கோடை விடுமுறையில் ஆத்தங்குடிக்குப் போனோம். ஒரு கொட்டகையில் பெரியவர் ஒருவர் தரைக்கல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று குழைத்து வைத்த சிமெண்டுச் சாயத்தைக் கரண்டியில் மொண்டு ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றினார். ஒரு சொட்டுகூட அடுத்த இதழுக்குத் தாவவில்லை. அச்சைத் தூக்கினார், பூ அப்படியே நின்றது. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்தி வழித்தார். பூ மறைந்துபோய்ச் சாம்பல் நிறப் பலகையாகிவிட்டது. இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பூ எங்க? திருப்பிக் காட்டுங்க தாத்தா" என்றாள். "பொறு ஆத்தா, தண்ணிக்குள்ள கிடந்துதான் அது கெட்டியாகும். இதுக்குச் சூளை கிடையாது. அடுத்த வாரம் வா" என்றார். அடுத்த வாரம் கூட்டிப்போனோம். தொட்டியிலிருந்து எடுத்துக் காய வைத்திருந்த கல்லில் கண்ணாடி தானாகக் கழன்று வந்தது. கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடியைப் போலவே மின்னியது. அவள் அதில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு தரைக்கல்லைப் பார்ப்பதற்காக ஒரு குழந்தையை இரண்டு முறை கூட்டிப்போக எங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. வேளச்சேரியில் இருந்தது இல்லை.

மருத்துவம் பற்றிச் சொன்னார்கள். பெரிய அறுவை என்றால் மதுரை அல்லது திருச்சி, தொண்ணூறு கிலோமீட்டர் பக்கம் போக வேண்டும். அது குறைதான். அதைச் சிறிதாக்கிப் பேசினால் என் வாதத்தில் நேர்மை இருக்காது. ஆனால் இதையும் கேளுங்கள். வந்த இரண்டாம் வருடம் ஒரு நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. நான் அலறிய அலறலில் வீதியில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. யார் கார் எடுத்தார், யார் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்தார் என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரத்துக்குள் காரைக்குடியில் மருத்துவர் முன்னால் இருந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு அடுப்பில் யாரோ கஞ்சி வைத்திருந்தார்கள்.

கடைசியாக, எதிரணித் தங்கை பேசியது. அவர் பேசியதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். "சின்ன ஊரில் பெண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு வண்டியில் வந்தால் கேள்வி, போட்டிருக்கிற உடையில் கேள்வி, வீடு கேட்டுப் போனால் 'நீங்க என்ன ஆளு?' என்று கேள்வி" என்றார். தங்கையே, எல்லாம் உண்மை. எங்களிடமும் கேட்டார்கள். மூன்று வீட்டில் சுற்றி வளைத்துக் கேட்டார்கள், ஒரு வீட்டில் நேராகவே கேட்டார்கள். அந்தக் கேள்வி தவறு. இந்த மேடையில், இந்த ஊர்க்காரர்கள் முன்னால் நின்று சொல்கிறேன், தவறு. பெயருக்குப் பதிலாகச் சாதியைக் கேட்கிற வாசலில் நான் இன்றும் ஏறுவதில்லை. ஆனால், தங்கையே, படித்தவர்களும் வேலைக்குப் போகிற பெண்களும் எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டால் இந்தக் கேள்வியை இங்கே யார் மறுப்பது? நான் வேலை முடிந்து இரவு வண்டியில் வருவதைப் பார்த்து முதல் மாதம் ஆச்சியும் கேட்டார்கள், "ஏத்தா, பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு நேரமா?" என்று. வருட முடிவுக் கணக்கு நேரம், ஒன்பது மணி ஆனது, பத்து மணியும் ஆனது. நான் விளக்கம் சொல்லவில்லை, நேரத்தையும் மாற்றவில்லை. இப்போது எங்கள் வீதியில் தெருவிளக்கு எரியாத நாளில் ஆச்சி தன் முகப்பு விளக்கைப் போட்டு வைக்கிறார்கள். என் வண்டி உள்ளே வந்த பிறகுதான் அணைக்கிறார்கள். என் மகள் வளர்ந்து வண்டி ஓட்டும்போது அவளிடம் அந்தக் கேள்வியை இந்த வீதி கேட்காது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடிக்கிறேன். எங்கள் வீதியில் இருபத்திரண்டு வீடு, அதில் பதினான்கு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுச் சாவி ஆச்சியிடம்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் திறந்து கூட்டிப் பெருக்குகிறார்கள். வீட்டுக்காரர்கள், நல்ல குடும்பமாக வந்தால் வாடகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிரணித் தங்கைக்கு அடுத்த தையில் கல்யாணம் என்று சற்று முன் பேசும்போது சொன்னார். தங்கையே, இன்று ராத்திரி திரும்பிப் போக வேண்டாம், எங்கள் வீட்டில் தங்குங்கள். காலையில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டைத் திறந்து பார்ப்போம். கிணற்றில் தண்ணீர் பத்தடியில் கிடக்கிறது.

நன்றி, வணக்கம்.