வீடு தரமாகக் கட்டப்படாவிட்டால் கட்டுநருக்குச் சட்டம் என்ன தண்டனை தருகிறது?

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரியும் பால்கனியின் அடிப்பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறி, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கம்பியை மூடிக் காக்க வேண்டிய கான்கிரீட் இந்த இடத்தில் விரல் நகத்தின் கனத்துக்குக்கூட இல்லை. சென்ட்ரிங் பலகையின் மீது, கம்பியைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் போட்டால், வெளியே பூசி வண்ணம் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. சில மழைக்காலங்கள் கடந்த பின்னரே இப்படி வெளிப்படும்.

இதற்குக் கட்டுநரை யார் கேட்பது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ரெரா என்று அழைக்கும் சட்டம், இதற்கு 14(3)ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ குறை தென்பட்டு அதை நீங்கள் தெரிவித்தால், கட்டுநர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "அக்ரிமெண்டில் ஓராண்டுப் பராமரிப்பு என்றுதானே போட்டிருக்கிறோம்" என்று பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரியைப் பார்த்துத் தயவுசெய்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். சட்டம் தந்த 5 ஆண்டுகளை ஒப்பந்தத்தில் எழுதிச் சுருக்கிவிட முடியாது.

அபராதத்துக்கு வருவோம். சட்டத்தின் பொதுவான கடமைகளை மீறும் கட்டுநருக்கு 61ஆம் பிரிவின்படி திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால், மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். அதற்கும் உச்சவரம்பு 5 சதவீதம்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவையும் மீறினால், 3 ஆண்டுகள் வரை சிறையோ, 10 சதவீதம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கவனித்துப் பாருங்கள்: சிறை என்பது உத்தரவை மீறியதற்காக வருகிறதே தவிர, மட்டமான கான்கிரீட் போட்டதற்காக வரவில்லை. உயிர்ப்பலி நேர்ந்தால் குற்றவியல் சட்டம் வரும். அதுவரை தரக்குறைவு என்பது பணக் கணக்காகவே இருக்கிறது. இது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின் நடுவே சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் அங்கு வேலை செய்த தொழிலாளர்கள். அருகிலிருந்த இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. அப்படி ஒன்று நடந்த ஊரில், தரத்தை முன்கூட்டியே சோதிப்பதற்குத்தான் அதிக அக்கறை காட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அபராதத் தொகை வீடு வாங்கியவரின் கைக்கு வருவதில்லை, மாநில அரசு குறிப்பிடும் கணக்குக்குப் போய்விடும் என்பதையும் பலர் அறிவதில்லை. உங்களுக்குச் சேர வேண்டியது இழப்பீடு. அதை நிர்ணயிப்பவர் ரெராவின் கீழ் அமர்த்தப்படும் தீர்ப்பு அலுவலர். ஆகவே புகார் எழுதும்போது "நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடிக்காமல், குறையைச் சரிசெய்யும் உத்தரவையும் இழப்பீட்டையும் அவற்றுக்குரிய மனுக்களில் தெளிவாகக் கேளுங்கள்.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ, திட்டத்தை ரெராவில் பதிவுசெய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்டு மனை என்பது 4,800 சதுர அடி, ஏறத்தாழ 446 சதுர மீட்டர். சென்னையின் உட்தெருக்களில் பழைய தனிவீட்டை இடித்து எழுப்பும் அடுக்குமாடிகளில் எத்தனையோ இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கு வாங்கியவர்களில் பலர் நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கே புகார் செய்ய இரண்டு ஆண்டுகள்தான் காலவரம்பு. இந்த விலக்கை நீக்க வேண்டும், அல்லது தரம் தொடர்பான பொறுப்பையாவது எல்லாக் கட்டடங்களுக்கும் ஒன்றாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த மன்றத்துக்குப் போனாலும் ஆதாரம் வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, 28ஆம் நாள் அழுத்திப் பார்த்து வலிமையைக் கணக்கிடுவார்கள். இதைக் கியூப் டெஸ்ட் என்பார்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குடியேறிய பிறகு விரிசலோ துருக்கறையோ கண்டால், தேதியோடு படம் எடுத்து, சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கட்டுநருக்குத் தெரிவியுங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிட வேண்டாம். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கமே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்தி அறிக்கை வாங்குவது நல்லது, செலவு பகிர்ந்துபோகும். ஒப்படைப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 5 ஆண்டுகளைக் கணக்கிட்டு, அது முடிவதற்கு முன்பே கூரை, பால்கனி, தூண்களின் அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை ஒருமுறை முழுமையாகச் சோதித்துவிடுங்கள்.