ஜீப்பைத் தூக்குவதற்கு முன்னால் அடியில் படுத்துப் பாருங்கள்

[காட்சி: குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வழி. மழை விட்டு அரை மணி நேரம் ஆகிறது. கேமரா தரையோடு தரையாக.]

வணக்கம். இந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். தோட்டத்துக்கு வரும் ஜீப்புகள் வருஷக்கணக்காக ஒரே தடத்தில் ஓடி, சக்கரம் போகிற இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மாட்டு முதுகு மாதிரி ஒரு மேடு நிற்கிறது. எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பள்ளம் இன்னும் தாழும், அது ஓய்ந்து வழி இறுகுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். இரண்டு பருவமழையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு என்பதால் மலையோரத்து வழிகள் முழுசாகக் காயும் நாட்கள் குறைவு.

இங்கே ஒரு தடவை அடி தட்டி நின்றவருக்கு முதலில் தோன்றுவது, வண்டியை ஒரு ரெண்டு இஞ்ச் தூக்கிவிட வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் வண்டி அப்பா காலத்து மஹிந்திரா எம்எம் 540 ஜீப், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங். மார்த்தாண்டத்தில் எங்கள் வண்டியை வெகுநாளாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போய், லிஃப்ட் போடணும், கையில் காசு குறைவு, என்ன போடலாம் என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "எங்க தட்டுகுன்னு பாத்தியா மக்களே?" நான் பார்க்கவில்லை. ஒரு சாக்கை விரித்து, டார்ச்சைக் கையில் கொடுத்து, அடியில் படுக்கச் சொன்னார்.

[காட்சி: வண்டிக்கு அடியில். டார்ச் வெளிச்சம் பின் ஆக்சிலில்.]

பின் ஆக்சிலின் நடுவில் குடம் மாதிரி உருண்டு நிற்கிறதே, அதுதான் டிஃபரன்ஷியல், இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டி. என் வண்டியில் அதன் அடிப்பக்கம் பெயிண்ட் போய், தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது, செம்மண் கோடு கோடாக ஒட்டியிருந்தது. ஆனால் நடுவில் கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில் ஒரு கீறல் கிடையாது, பழைய கிரீஸும் தூசியும் கலைந்திருக்கவே இல்லை. அதாவது தட்டியது டிஃபரன்ஷியல் மட்டும்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், காசு வீணாகிறது பெரும்பாலும் இங்கேதான். ஆக்சில் ஒரே கட்டையாக இருக்கும் வண்டியில், சஸ்பென்ஷன் லிஃப்ட் டிஃபரன்ஷியலை ஒரு நூல் அளவு கூட தூக்காது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது எதுவோ அதுதான் உயரும், அதாவது சேஸிஸ், பாடி, பம்பர், கியர்பாக்ஸ். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்து கீழேயே நிற்கும். நாலு இஞ்ச் லிஃப்ட் போட்டாலும் அந்தக் குடம் பழைய இடத்தில்தான் தொங்கும். அதைத் தூக்க வேண்டுமென்றால் நடைமுறையில் ஒரே வழி, டயர்.

டயர் கணக்கு எளிது. பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று போட்டிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 75 சதவீதம் சுவரின் உயரம், ரிம் 15 இஞ்ச். மொத்த உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 235/75 போட்டால் 733 வரும். முப்பது மில்லிமீட்டர் கூடுகிறது, ஆனால் ஆக்சில் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது பாதி, 15 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள், நான் காட்டிய அந்த மேட்டில் தட்டுவதற்கும் தட்டாமல் போவதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பல சமயம் அவ்வளவுதான். அதோடு பட்டன் ஆழமான டயர் களிமண்ணில் பிடித்துப் போகும், மொட்டை டயர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வழுக்கும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், இந்த அளவு மாற்றத்துக்கு 60 என்று காட்டும்போது உண்மையில் 62, 63இல் போவீர்கள். உங்கள் மாடலின் இன்னொரு வேரியண்டில் கம்பெனியே கொடுக்கிற அளவாகப் பார்த்து எடுத்தால் ரிம்முக்கும் பொருந்தும், கேள்வியும் வராது.

சரி, அடியில் படுத்துப் பார்க்கிறீர்கள், டிஃபரன்ஷியலில் ஒன்றும் இல்லை, கீறல் எல்லாம் நடுச் சட்டத்திலும் பம்பர் மூலையிலும் இருக்கிறது. அப்போதுதான் சஸ்பென்ஷன் லிஃப்டைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டும்.

[காட்சி: அளவு நாடா. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை.]

அதற்கும் முன்னால் ஓர் அளவு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நாலு பக்கமும் எழுதுங்கள். பழைய பட்டை வண்டியில் டிரைவர் பக்கம் குறைவாக இருப்பது சாதாரணம். பின்னால் ரப்பர் ஷீட்டும் பால் கேனும் அன்னாசியும் ஏற்றி இறக்கிய வண்டி என்றால் பின்பக்கமும் இறங்கியிருக்கும். என் வண்டி டிரைவர் பக்கம் ஒரு இஞ்சுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. நான் லிஃப்ட் என்று கேட்டுப் போனதில் பாதி உயரம், வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது அதனிடமே இருந்தது.

அதனால் பட்டை வண்டிக்கு என் முதல் சிபாரிசு, இழந்த உயரத்தைத் திரும்ப எடுப்பது. பட்டைக்கு வளைவு ஏற்றித் தருகிற பட்டறைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன, செலவும் குறைவு. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள், காய்ச்சி வளைக்கிறார்களா, குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி வளைக்கிறார்களா என்று. சும்மா காய்ச்சி வளைத்து ஆறவிட்டால் இரும்பின் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடி உட்காரும். மெயின் பட்டையில் விரிசல் இருந்தால் வளைவு ஏற்றும் யோசனையே வேண்டாம், புதுசு வாங்குங்கள். கூடவே சேக்கிளின், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஆடும் இரும்புத் துண்டின் புஷ்ஷையும் மாற்றுங்கள், தேய்ந்த புஷ்ஷோடு எந்த லிஃப்ட் போட்டாலும் ஸ்டியரிங் அலையும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியை வாங்கியிருந்தால் இன்னொன்று. உப்புக்காற்று சேஸிஸை உள்ளிருந்து தின்றிருக்கும். பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற பிராக்கெட்டைச் சுற்றி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், அரித்தது சத்தமே இல்லாமல் அமுங்கும், துரு பொரியாக உதிரும். அப்படி இருந்தால் லிஃப்டுக்கு வைத்த காசை அங்கே போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இப்போது உண்மையான லிஃப்ட். மலிவானதிலிருந்து வருகிறேன்.

பட்டை வண்டியில் நீளமான சேக்கிள் போடுவது பிரபலம். சேக்கிள் இரண்டு இஞ்ச் நீண்டால் வண்டி ஏறக்குறைய ஒரு இஞ்ச் உயரும். பின்பக்கம் அளவாகச் செய்தால் பெரிய தொல்லை இல்லை. முன்பக்கம் செய்தால் ஆக்சில் சாய்ந்து காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம் மாறும், பல ஜீப்புகளில் அது குறையும், அப்போது திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வராது, வேகத்தில் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். கோணத்தைச் சரிசெய்ய ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வைக்க வேண்டும். அடுத்தது பிளாக், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைக்கிற கட்டை. பின்பக்கம் ஒன்று வைக்கலாம், ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட்டையும் நீளமானதாக மாற்ற வேண்டும். முன்பக்கம் வைக்கவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்சிலில் வருகிற முறுக்கு அதைப் பிதுக்கி வெளியே தள்ளப் பார்க்கும். கட்டை மேல் கட்டை அடுக்குவது எந்தப் பக்கமும் வேண்டாம்.

காயில் என்கிற சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு, அதாவது ஜிம்னி, புதுக் கூர்க்கா, 2020இல் வந்த புது மஹிந்திரா தார் மாதிரி வண்டிகளுக்கு, மலிவு வழி ஸ்பேசர். ஸ்பிரிங் அதேதான், அதற்கு மேல் ஒரு வளையம். சொகுசு பெரிதாக மாறாது. ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளம்தானே, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங்குக்கு இன்னும் இடம் இருந்தும் ஷாக் முழுசாக நீண்டு, அடிக்கிற அடியை அதுவே வாங்கும். அதனால் ஒரு இஞ்ச் வரை ஸ்பேசர், அதற்கு மேல் போனால் ஷாக்கும் நீளமானது, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாரிலும் புதுக் கூர்க்காவிலும் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அங்கே முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து உயரும், அது லாபம். பதிலுக்கு ஆக்சில் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதன் ஜாயிண்டும் ஜாயிண்டை மூடுகிற ரப்பர் உறையும் சீக்கிரம் போகும். 2010இல் வந்த பழைய தாரின் சிஆர்டிஇ மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொள்கிற ஒரு கம்பி, ஒரு ஸ்பேனரில் திருகியே உயர்த்திவிடலாம், காசே ஆகாது. ஆனால் அதிகம் திருகினால் சக்கரம் கீழே இறங்குகிற தூரம் போய்விடும், கல்லில் ஏறினால் முதுகில் அடிக்கும். கொஞ்சமாகத் திருகி உடனே அலைன்மென்ட் பாருங்கள்.

[காட்சி: ஷாக் அப்சார்பர் ராடில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை. பம்ப் ஸ்டாப்பில் அப்பிய களிமண்.]

எது போட்டாலும் இந்த இரண்டையும் செய்யுங்கள், செலவு பத்து ரூபாய் கூட இல்லை. ஷாக்கின் மெல்லிய ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகச் சுற்றி, ஷாக்கின் தடித்த உருளையை ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஆக்சில் மேலே ஏறும்போது முட்டி நிற்கிற ரப்பர் கட்டையில், கொஞ்சம் களிமண் அப்புங்கள். வழக்கமான தோட்டத்து வழியில் ஒரு தடவை போய் வந்து பாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. களிமண் நசுங்கியிருந்தால் பம்ப் ஸ்டாப் வேலை செய்கிறது, நசுங்காமலே டயர் மட்கார்டில் உரசியிருந்தால் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். அப்புறம் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பாருங்கள். என் வண்டியில் பின் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி இழுத்து நின்றது. அதைக் காட்டில் ஒரு பள்ளத்தில் கண்டுபிடிக்காமல் பட்டறையில் கண்டுபிடித்தோம், நீளமான ஹோஸ் வாங்கி மாட்டினோம்.

எவ்வளவு உயரம் என்று கேட்டால், நம் மாவட்டத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச், அதிகபட்சம் இரண்டு. பேச்சிப்பாறை, கடையல், கீரிப்பாறை பக்கம் தோட்ட வழிகள் எல்லாம் சரிவை வெட்டிப் போட்டவை, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் இறக்கம். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தே போகும். உயரம் கூடக் கூட எடை மேலே போகும், கவிழும் கோணம் சீக்கிரம் வரும். கூரையில் கேரியரும் வைத்து மூன்று இஞ்ச் தூக்கியவரை நான் அந்த வழியில் கூட்டிப் போக மாட்டேன்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று வைத்தார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேள்வியும் வரும். பெரிய லிஃப்ட் யோசிக்கிறவர்கள் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள். இறங்கிய பட்டையைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவருவது பழுது பார்ப்பதுதான், அதில் இந்தத் தொல்லை இல்லை. வனத்துறை இடத்தில் அனுமதி இல்லாமல் எந்த வண்டியையும் இறக்காதீர்கள், மேலே பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம்.

கையில் 50,000 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என் வரிசை இது. முதலில் துரு, புஷ், பிரேக். அடுத்து டயர், பாதிக்கு மேல் அதிலேயே போகும், போகட்டும். அடுத்து பட்டை அல்லது ஸ்பிரிங். மிச்சம் இருந்தால் நல்ல ஷாக். மழையில் களிமண் வழி வந்தால் டயர் காற்றை 30இலிருந்து 18, 20க்கு இறக்குங்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடியுங்கள், அதற்கு ஒரு சின்ன பம்பு வாங்கி வைத்தால் போதும்.

[காட்சி: முப்பந்தல். காற்றாலைகள். ஜீப் சாலையில்.]

வேலை முடிந்ததும் முதலில் ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். முப்பந்தலில் காற்று பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளு எல்லோருக்கும் தெரியும், அங்கே ஐம்பதில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி வண்டி நேராகப் போகிறதா, கையை விட்டுத் தப்பப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். தப்பினால் காஸ்டர், அலைன்மென்ட் இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். ராத்திரி என்றால் ஹெட்லைட்டையும் கீழே இறக்கிவிடுங்கள், உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். திரும்பி வந்த பிறகு ஒரு நூறு கிலோமீட்டரில் யூ போல்ட்டை, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள், பட்டை படிந்து உட்காரும்போது அது தளரும். என் வண்டியில் நாலு போல்ட்டில் இரண்டு, கால் சுற்று திருகியது.