காதலை வளர்த்தது கைப்பக்குவமே

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, சாப்பாட்டின் அருமை தெரிந்த மதுரை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தில் காதலை வளர்த்தது கடிதமா, கைப்பக்குவமா என்பது இன்றைய தலைப்பு. கைப்பக்குவமே என்று சொல்ல வந்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ரித்தேஷ் பத்ரா இயக்கி 2013-ல் வந்த படம். மும்பையில் இலா என்ற இல்லத்தரசி, தன்னைக் கண்டுகொள்ளாத கணவனுக்குப் பக்குவமாகச் சமைத்து, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டப்பாவாலாக்களிடம் கொடுத்தனுப்புகிறார். அது இடம் மாறி, ஓய்வுபெறப் போகும் அரசு ஊழியர் சாஜன் ஃபெர்னாண்டஸின் மேஜைக்குப் போகிறது. மனைவியை இழந்தவர் அவர். டப்பாவுக்குள் சீட்டு வைத்து இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். இலாவாக நடித்த நிம்ரத் கௌரும் சாஜனாக நடித்த இர்ஃபான் கானும் சேர்ந்து நிற்கிற காட்சி ஒன்றுகூடப் படத்தில் கிடையாது.

எதிரணித் தலைவர் அம்மா அழகாகப் பேசினார்கள். “டப்பா வெறும் வண்டி, அதில் ஏறி வந்த பயணி கடிதம்தான். சீட்டு மட்டும் இல்லையென்றால் கதை இரண்டாம் நாளே முடிந்திருக்கும்” என்றார்கள். அம்மா, அந்த இரண்டாம் நாளுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதல் நாள் சீட்டே கிடையாது. சாஜன் டப்பாவைத் திறக்கிறார். தினமும் ஹோட்டல் சாப்பாடு வந்து பழகிய மனிதர், மூடியை எடுத்ததும் கொஞ்சம் சந்தேகத்தோடு மூக்கைக் கிட்டக் கொண்டுபோகிறார். அடுத்த அடுக்கைத் திறக்கிறார், மறுபடி முகர்கிறார். வசனம் ஒன்றும் இல்லை. இர்ஃபான் கானின் முகத்தில் மட்டும் ஏதோ இளகுகிறது. சாயங்காலம் டப்பா வீட்டுக்கு வருகிறது. இலா அதைத் தூக்கிப் பார்க்கிறார், கனமே இல்லை. திறந்தால் வழித்துத் துடைத்த மாதிரி காலி! மிச்சம் வைத்து அனுப்புகிற கணவனின் டப்பா காலியாக வந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும்? இங்கே சமைக்கிற தாய்மார் எல்லாருக்கும் அது தெரியும். அந்தக் காலி டப்பாதான் இந்தக் காதலில் முதலில் வந்த பதில். அதற்கு நன்றி சொல்லத்தான் மறுநாள் இலா முதல் சீட்டையே எழுதுகிறார். கடிதம் பிறக்கவே காரணம் சாப்பாடு, நடுவர் அவர்களே.

சங்கம் வளர்த்த ஊரில் பேசுகிறோம். குறுந்தொகை 167-ஐ நினைத்துப் பாருங்கள். புதுக்குடித்தனம் போன பெண் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல, மிக நுட்பமாக மலர்கிறது. பாட்டு அவ்வளவுதான். இலாவின் வீட்டில் அந்த ‘இனிது’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. காலி டப்பா சொன்னது.

சரி, கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். சாஜன் எழுதிய முதல் பதில் என்ன? இன்று சாப்பாட்டில் உப்பு அதிகம். இதுதான். நலமா என்றுகூட விசாரிக்கவில்லை. ஆனால் எவ்வளவு உண்மையான வரி! சமைக்கிறவர்களுக்குத் தெரியும், குழம்பு கொதிக்கும்போது ருசி பார்த்தால் உப்பு சரியாகப் பிடிபடாது. சூட்டில் நாக்கு ஏமாறும். இறக்கிவைத்த பிறகும் நீர் வற்றிக் கெட்டிப்படும், உப்பு தூக்கலாகிவிடும். காலையில் அடுப்படியில் சரியாக இருந்தது மதியம் மேஜையில் கரிக்கலாம். டப்பாவில் அடைத்து அனுப்புகிற சாப்பாட்டுக்கு அரை உப்பு குறைத்துப் போடுவது அதனால்தான். எதிரில் உட்கார்ந்து பரிமாறுகிறவளுக்கு அது உடனே தெரிந்துவிடும். அனுப்பிவைக்கிறவளுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. கணவன் ஒருநாளும் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார். ஒருவர் நிதானமாக மென்று, யோசித்து, நேர்மையாகச் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அந்த உப்பு சாட்சி.

அதற்கு இலா கொடுத்த பதில் எதில் இருந்தது? மிளகாயில்! மேல்வீட்டு தேஷ்பாண்டே மாமி தூண்டிவிட, மறுநாள் காரத்தை அள்ளிப்போட்டு அனுப்புகிறார். அந்த மாமியை நாம் பார்ப்பதே இல்லை. பாரதி அச்ரேக்கரின் குரலும், கயிற்றில் கட்டி ஜன்னலுக்கு இறங்கிவரும் கூடையும்தான் மாமி. சாஜன் என்ன எழுதுகிறார்? உப்பு சரி, காரம் கொஞ்சம் கூடுதல், இரண்டு வாழைப்பழம் தின்று வாய் எரிச்சலை அடக்கினேன் என்கிறார். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, எத்தனை டம்ளர் குடித்தாலும் வாயெல்லாம் பரவத்தான் செய்யும். மனிதர் பழத்தைத் தேடிப் போனது சரியான வேலை. அந்தப் பழத்திலிருந்துதான் கடிதம் வெளியுலகத்துக்கே நகர்கிறது. இந்த நகரத்தில் மதியத்துக்கு ஒன்றிரண்டு வாழைப்பழத்தோடு முடித்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர் என்று எழுதுகிறார். அவர் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், சாஜனின் வேலைக்கு அடுத்து வரப்போகிற, நவாசுதீன் சித்திக்கி நடித்த ஷேக். எரிந்து விழுந்துகொண்டிருந்த சாஜன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பங்கு கொடுத்தாரே, அந்தப் பாசமும் இதே டப்பாவில் இருந்து வந்ததுதான்.

இன்னொன்று, வேகம். எதிரணித் தம்பி, அந்தப் படத்தின் அடக்கத்துக்கே காரணம் எழுத்துநடை என்றார். இல்லை தம்பி, அடுப்பு வைத்த கணக்கு அது. டப்பாவாலா முறை 1890-ல் தொடங்கியது. காலையில் வீட்டில் எடுத்து, சைக்கிளிலும் உள்ளூர் ரயிலிலும் மாறி மாறி, மூடியில் தீட்டிய வண்ணக் குறியையும் எழுத்தையும் பார்த்துப் பிரித்து, மதியம் சாப்பாட்டு வேளைக்குச் சேர்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் காலி டப்பா திரும்பிவிடும். ஆக ஒரு நாளைக்கு இவர் சொல் ஒன்று, அவர் சொல் ஒன்று, அவ்வளவுதான். அலுவலக விடுமுறை என்றால் அதுவும் இல்லை. கோபத்தில் ஒன்றை எழுதி, அஞ்சு நிமிடத்தில் இன்னொன்றால் சமாளிக்க முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் மறுநாள் காலை எழுந்து காய் நறுக்கி, மாவு பிசைந்து, சப்பாத்தியை ஆறவைத்து அடுக்க வேண்டும். சுடச்சுட அடைத்தால் ஆவி மூடியில் முத்துக்கட்டிச் சொட்டும், சப்பாத்தி நமுத்துப்போகும், கூடவே மடித்து வைத்த சீட்டும் ஈரமாகும். இத்தனை பக்குவத்துக்கு நடுவே ஆத்திரம் தானே ஆறிவிடும், சொல்லும் சுருங்கிவிடும்.

‘காதல் கோட்டை’யில் சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். 1996-ல் வந்த படம், அகத்தியனுக்கு இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைத்த படம், எனக்கும் உயிரான படம். அங்கேயும் ஒருவரையொருவர் பார்க்காமலே பக்கம் பக்கமாகக் கடிதம் போனது. ஆனால் ரயில் நிலையத்தில் சூர்யாவைக் கமலிக்குக் காட்டிக்கொடுத்தது எது? அவள் அனுப்பிய ஸ்வெட்டர். எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட அந்த நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை.

கடிதத்துக்கு உரியதை நான் மறுக்கவில்லை. இறந்த மனைவி ஒளிநாடாவில் பதிந்து வைத்த பழைய நகைச்சுவைத் தொடர்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததை சாஜன் எழுதுகிறாரே, அதை எந்தக் குழம்பும் சொல்லாது. பூட்டானுக்குப் போய் வாழும் கனவையும் சொல்லாது. ஆனால் படத்தின் மிகக் கடினமான இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, நேரில் சந்திக்கலாம் என்று பேசிவைத்து, இலா உணவகத்தில் காத்திருந்து, சாஜன் வராமல்போன மறுநாள். டப்பா வருகிறது. சாஜன் முதல் அடுக்கைத் திறக்கிறார், காலி. அடுத்தது, காலி. எல்லாமே காலி. சீட்டும் இல்லை. ஒரு சொல் இல்லாமல் ஒரு பெண்ணின் அவமானம், கோபம், வேதனை அத்தனையும் அங்கே இருக்கிறது. முதல் நாள் காலி டப்பா இலாவை மகிழ வைத்தது, இந்தக் காலி டப்பா சாஜனைக் கூசவைத்தது. இதுதான் எனக்குக் கிடைக்க வேண்டியது என்று அவரே எழுதி, தான் அங்கே வந்ததையும் இலாவின் இளமையைப் பார்த்துவிட்டு விலகிப் போனதையும் ஒப்புக்கொள்கிறார். இரண்டு, இலாவின் அப்பா நெடுநாள் நோயில் கிடந்து இறந்த வீடு. அம்மா அழவில்லை, பசிக்கிறது என்கிறார், பரோட்டா சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்கிறார். அந்தத் தாம்பத்தியம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட வேறு வாக்குமூலம் வேண்டுமா?

கடைசியாக முடிவுக்கு வருகிறேன். அத்தனை நாள் எழுதியும் ஒருவர் வீடு ஒருவருக்குத் தெரியாது. டப்பா போகிற வழியை வைத்துத்தான் இலா அலுவலகத்தைத் தேடிப் போகிறார், அவர் ஊரைவிட்டே போய்விட்டதாக ஷேக் சொல்கிறார். சமையலும் டப்பாவும் நின்ற பிறகு இலா எழுதும் கடிதத்துக்குப் போய்ச்சேர வழியே இல்லை. அங்கே பாதியில் திரும்பிவந்த சாஜன் யாரோடு சேர்ந்து அவரைத் தேடிப் போகிறார்? ரயிலில் பாடிக்கொண்டு போகும் டப்பாவாலாக்களோடு. கடிதம்தான் எல்லாம் என்கிற எதிரணி, அந்த ரயிலில் சாஜனுக்கு வழிகாட்டிய கடிதம் எது என்று சொல்லட்டும். நடுவர் அவர்கள் அதைக் கேட்டு வாங்கிய பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.